யாழின் முதற்பாடம்

இசைக்கருவி ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் பேராசான்களையும் அவர்தம் அரங்குகளையும் பற்றியே விரிவாக எழுதுவர். அக்கருவியை முதன்முதலாகத் தொட்ட சிறுகை எதனை இசைத்தது என்னும் வினா அவர்களிடம் எழுவது அரிது. பயிற்சி நூல்களின் முதற்பக்கங்களில் இடம்பெறும் எளிய உருப்படிகள், ஏறிக் கடந்தபின் திரும்பிப் பார்க்க வேண்டாத படிகளாகவே பொதுவிற் கருதப்படுகின்றன. இசை விமரிசகரும் அவற்றைத் தம் கவனத்துக்கு உரியனவாகக் கொள்வதில்லை. எனினும் யாழ் இனத்துக் கருவிகளின் வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, ஒரு கருவி வாழ்வதும் மறைவதும் இவ்வெளிய உருப்படிகளைப் பெரிதும் பொறுத்தே அமைந்துள்ளமை புலனாகும். யாழை மீட்டெடுத்தல் பற்றிப் பெருமிதத்தோடு பேசப்படும் இந்நாளில் இவ்வுண்மை சற்று விரிவாக ஆராயப்படவேண்டியதாகின்றது.

மேனாட்டார் 'ஹார்ப்' என வழங்கும் கருவியும், பர்மியரின் 'சௌங்' என்னும் வில்யாழும், பழந்தமிழரின் யாழும் ஓரினத்தைச் சேர்ந்தவை. வீணையிலோ வயலினிலோ ஒரு நரம்பை விரலால் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். யாழில் பொதுவாக ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது. இவ்வொரு வேற்றுமையிலிருந்தே யாழ் கற்றலின் இன்பமும் இடரும் பிறக்கின்றன. வயலின் பயில்பவன் செவிக்கு இனிய ஓர் ஒலியை எழுப்புவதற்கே மாதக்கணக்கில் முயலவேண்டும். யாழின் நரம்பையோ எவர் தொட்டாலும் அது இனிதாகவே ஒலிக்கும். ஆயின் அவ்வொலியை நிறுத்துதல் எளிதன்று. மீட்டிய நரம்பு அடுத்த சுரம் வந்த பின்னரும் அதிர்ந்துகொண்டிருக்கும். அதிரும் நரம்பின்மீது விரல் மீண்டும் பட்டால் முன்னைய ஒலி அறுபடும். சில வேளை காதுக்கு ஒவ்வாத இரைச்சலும் எழும். ஆகவே யாழ் பயில்பவன் முதலிற் கற்கவேண்டியது அடுத்து மீட்டவேண்டிய நரம்புகளில் விரல்களை முன்கூட்டியே வைத்தலும், வேண்டாத ஒலியை உள்ளங்கையால் அடக்குதலுமாம். இன்றைய மேனாட்டுப் பெரும் யாழில் 47 நரம்புகளும் 7 மிதிகளும் உள்ளன. கண் தடுமாறாதிருத்தற் பொருட்டு ஷட்ஜத்துக்கு நிகரான 'சி' நரம்பு செந்நிறமும் 'எஃப்' நரம்பு கருநிறமும் பெறும். சிறுவிரல் குறுகியதாதலின் அது பயன்படுவதில்லை. எட்டு விரல்களாலேயே அனைத்தும் நிகழ்கின்றன.

இவற்றை மனங்கொள்ளும்போது, யாழுக்கு 'எளிய' உருப்படி என்பது பியானோவுக்கு எளிய உருப்படியினின்றும் வேறானது என்பது தெளிவாகும். ஒரே சுரத்தை விரைந்து திரும்பத் திரும்ப ஒலித்தல் பியானோவிற் குழந்தை விளையாட்டு. யாழில் அது தேர்ந்த கைக்கே இடர் தருவது. மாறாக, ஒரு சுரக்கோவையை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்தல் யாழுக்கு இயல்பு. அவ்வகை ஓட்டத்துக்கு ஐரோப்பியர் இட்ட 'ஆர்பெஜியோ' என்னும் பெயரே யாழின் இத்தாலியப் பெயரான 'ஆர்ப்பா'விலிருந்து வந்ததாகும். இருந்தும், தொடக்க மாணவர்க்கென அச்சிடப்பட்ட யாழ்ப் பயிற்சிகளுட் பல, குழந்தைப் பாடல்களையும் நத்தார்ப் பாடல்களையும் பியானோ ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதியவையாகவே உள்ளன. வலக்கையில் மெட்டு, இடக்கையில் அசையாத சுரக்கட்டு என்னும் அவ்வமைப்பில் யாழ் வெறும் பதிலியாகின்றது. மேதைகளும் இக்குறைக்கு விலக்கானவரல்லர். மொசார்ட் 1778இல் பரிஸ் நகரில் ஒரு பிரபுவுக்கும் அவர் மகளுக்குமாக எழுதிய குழல் யாழ் கொன்சேர்ட்டோவின் யாழ்ப்பகுதி, விசைப்பலகைக் கருவிக்கு உரிய கையமைப்பையே பெரிதும் பின்பற்றுகிறது என்பது யாழ்க் கலைஞர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. அவ்விசையின் அழகு இதனால் குன்றவில்லை. ஆயினும் யாழ் தன் கையை அறிந்துகொள்ளும் பாடம் அதிலே குறைவு.

இவ்விடத்துச் சமூகப் பின்னணியும் நோக்கத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சிலும் பின்னர் இங்கிலாந்திலும் யாழ் உயர்குடிப் பெண்களின் அணிகலன்களுள் ஒன்றாயிற்று. அரசி மரி அந்துவனெத் அதனை வாசித்தார். ஜேன் ஒஸ்ரின் 1814இல் வெளியிட்ட 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் மேரி குரோபோர்டின் யாழ் வெறும் இசைக்கருவியாக வரவில்லை. அவளது வர்க்க நிலையையும் கவர்ச்சியையும் ஒருங்கே அறிவிக்கும் பொருளாக வருகின்றது. இத்தகைய வரவேற்பறைகளுக்குத் தேவைப்பட்டது உழைப்புக் குறைந்ததும் காட்சி மிகுந்ததுமான உருப்படி. நரம்புகளின்மீது விரலை ஒரே இழுப்பாக ஓடவிடும் முறை எந்த மாணவிக்கும் ஒரு நாளிற் கைவரும்; கேட்போருக்கோ அது பெருவித்தையாகத் தோன்றும். சந்தைக்கென எழுதப்பட்ட யாழ் உருப்படிகளிற் கணிசமானவை இந்த ஏமாற்றின்மீதே கட்டப்பட்டவை. பரிஸ் இசைக்கல்லூரியின் முதல் யாழ்ப் பேராசிரியரான நாடர்மன் போன்றோர் எழுதிய படிமுறைச் சொனாட்டாக்கள் இதற்கு விலக்காக இன்றும் மாணவர் கைகளில் உள்ளன. ஏனையவற்றுட் பெரும்பாலானவை மறைந்தமை குறித்து வருந்துவதற்கில்லை.

இந்நிலையில் மாற்றம் இருபதாம் நூற்றாண்டிலே தெளிவுற்றது. பரிஸில் ஹசல்மன்ஸ் என்னும் ஆசானிடம் பயின்று அமெரிக்காவிற் குடியேறிய கார்லோஸ் சல்செடோ, தம் மாணவியான லூசில் லோரன்சுடன் இணைந்து 1929இல் வெளியிட்ட யாழ்ப் பயிற்சி நூலில், தொடக்க மாணவர்க்கென 15 சிறு முன்னிசைகளை எழுதிச் சேர்த்தார். அவை பிறிதொரு கருவியிலிருந்து பெயர்க்கப்பட்டவையல்ல. நரம்பின் நடுவிலும் அடியிலும் மீட்டும்போது எழும் ஒலிவேறுபாடு, மீட்டியபின் கை உயரும் வீச்சு, ஒலி அடங்கும் கணம் ஆகிய யாழுக்கே உரிய இயல்புகளிலிருந்து சிந்திக்கும் ஒருவரின் படைப்புக்கள் அவை. முழங்கையை எவ்வளவு உயர்த்துவது என்பதில் அவருக்கும், அதே ஆசானிடம் பயின்ற மார்செல் கிரான்ஜனியின் வழியினருக்கும் இருந்த கருத்துவேறுபாடு இன்றுவரை இரு பள்ளிகளாக நிலவுகிறது. கிரான்ஜனியும் தொடக்க மாணவர்க்கெனச் சிறு உருப்படிகள் எழுதியவரே. இரு மரபுகளின் வேறுபாட்டை அறிய விரும்புவோன் அவர்களின் பெரிய அரங்குப் படைப்புக்களைக் காட்டிலும் இச்சிறு உருப்படிகளையே அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. கை எவ்வாறு அமையவேண்டும் என்ற கொள்கை மறைவின்றி வெளிப்படுவது அங்கேதான்.

அயர்லாந்தின் வரலாறு இதனினும் கூர்மையான பாடத்தைத் தருகிறது. அங்குப் பித்தளை நரம்பு கட்டிய யாழை நகத்தால் மீட்டும் பழைய மரபொன்று இருந்தது. அதனைப் பேணிய பிரபுக்குடிகள் சிதைந்தபின், வீடு வீடாகச் சென்று வாசித்த வறிய கலைஞர்களிடமே, அவருட் பலர் பார்வையற்றோர், அம்மரபு எஞ்சியது. 1792இல் பெல்பாஸ்ற் நகரில் எஞ்சிய யாழ்ப்பாணரை ஒன்றுகூட்டியபோது அயர்லாந்தினர் பத்துப் பேரே வந்து சேர்ந்தனர். அவர்கள் வாசித்தவற்றைக் குறித்துக்கொள்ளும் பணி எட்வேட் பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். ஆனால் அவை பியானோவுக்கு இசைவாக மாற்றி அமைக்கப்பட்டவை. அக்காலத்தில் நூலை வாங்கக்கூடியவர் வீட்டிலிருந்தது பியானோவே என்பதை நினைக்கும்போது பண்டிங்கை முற்றாகக் குறைகூறுவதற்கில்லை. விளைவு யாதெனில், மெட்டுக்கள் உலகெங்கும் பரவின. அவற்றைப் பிறப்பித்த கை மறைந்தது. 1808இல் தொடங்கிய பெல்பாஸ்ற் யாழ்ச் சங்கம், ஆதர் ஓநீல் என்னும் பார்வையற்ற கலைஞரை ஆசானாக்கிப் பார்வையற்ற சிறுவர்க்கு யாழைத் தொழிலாகப் பயிற்றியது. பொருள் போதாமையால் 1813இல் அப்பள்ளி மூடப்பட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பித்தளை நரம்பு யாழின் கைமரபு அற்றுப்போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அதனை மீட்க முயன்றோர்க்கு உதவியவை எவை என்பதே ஈண்டுச் சிறப்பாக நோக்கவேண்டியது. பண்டிங் தம் குறிப்புக்களில் யாழ்ப்பாணர் விரலசைவுகளுக்கு வழங்கிய பெயர்களையும், மாணவனுக்கு முதலில் எம்மெட்டுக்கள் கற்பிக்கப்பட்டன என்பதையும் பதிந்து வைத்திருந்தார். தேர்ந்த கலைஞரின் பெரிய உருப்படிகளிற் காணமுடியாத கைந்நெறி, எளியனவென ஒதுக்கப்பட்ட அந்த முதல் மெட்டுக்களிலே தெரியத்தொடங்கிற்று. எந்த விரல் எந்த நரம்பை மீட்டுகிறது, எது எப்போது அடக்கப்படுகிறது என்பவற்றைச் சிறுவனுக்குப் புகட்டும் நோக்குடனே ஆக்கப்பட்ட மெட்டு, இருநூறு ஆண்டு கழிந்து வந்த அந்நியனுக்கும் அதனையே புகட்டுகிறது. இதற்கு ஆசானின் குரல்கூட வேண்டியிருக்கவில்லை.

அயர்லாந்து அறுந்த மரபுக்குச் சான்று. அறாத மரபுக்குப் பர்மாவைக் கூறலாம். தென்னாசியாவிலிருந்து சென்ற வில்யாழ் அங்கு ஏழாம் நூற்றாண்டளவிலேயே பியூ மக்களின் சிறீக்சேத்திரச் சிற்பத்திற் காணப்படுகிறது. அமராவதிச் சிற்பங்களிலும் சமுத்திரகுப்தனின் நாணயத்திலும் விளங்கும் அதே வில்வடிவம் இந்தியாவில் ஏறத்தாழ முற்றாக மறைந்துபோக, பர்மாவில் மட்டும் அரசவைக் கருவியாக வளர்ந்து, 1885இல் அரசு வீழ்ந்த பின்னரும் ஆசிரியர் வீடுகளில் வாழ்ந்து, 1950களில் அரச இசைப்பள்ளிகளுட் புகுந்து இன்றும் ஒலிக்கிறது. மியாவதி மின்ஜி ஊ சா என்னும் அரசவைக் கலைஞர் நரம்புகளைப் பதின்மூன்றாக உயர்த்தினார் என்பர். இன்று அவை பதினாறு. பட்டு நரம்பின் இடத்தை நைலோன் பிடித்தது. கழுத்தைச் சுற்றிக் கட்டிய சிவந்த நூற்கயிறுகளைத் திருகிச் சுருதி கூட்டிய வழக்கம் மாறி, முறுக்காணிகளும் வந்தன. கருவி இத்தனை மாறியும் மரபு அறாதிருந்தமைக்கு அரச ஆதரவு, பௌத்தச் சூழல், நாட்டுப்பற்று எனக் காரணங்கள் பல கூறப்படலாம். அவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய ஒன்று உண்டு: பர்மிய மாணவன் முதலிற் பயில்பவை 'கியோ' எனப்படும் பதின்மூன்று பாடல்கள்.

'கியோ' என்ற சொல்லுக்கு நரம்பு என்பதே பொருள். இவை குழந்தைகளுக்கென ஆக்கிய துணுக்குகளல்ல. அரசவை இசைத்தொகுதியின் பழைய பகுதியாக மதிக்கப்படும் முழுமையான பாடல்கள். இவை யாவும் ஒரே சுருதிமுறையில் அமைந்தவையாதலின், தொடக்க மாணவன் நரம்பை மாற்றிக் கூட்டும் தொல்லையின்றிக் கைப்பழக்கத்திலேயே மனத்தைச் செலுத்தலாம். வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் மீட்ட, இடக்கைப் பெருவிரல் நகம் வேண்டுமிடத்து நரம்பை அழுத்திச் சுரத்தை உயர்த்தும். பாடுவோர் சிறு தாளத்தையும் மூங்கிற் கட்டையையும் ஒலித்துக் காலங்காட்டுவர். யாழோ பாட்டைச் சுரம்பிசகாது நிழல்போல் தொடர்வதில்லை. சில இடத்து முந்திச் சென்று பாட்டுக்கு வழிவிடும், சில இடத்து இடைவெளியை நிரப்பும். ஆகவே முதற்பாடலிலேயே மாணவன் இரண்டைக் கற்கிறான்: பாட்டு எவ்வாறு செல்கிறது என்பதையும், அதற்கு அருகில் கை தனித்து எவ்வாறு செல்லவேண்டும் என்பதையும். பின்னர் வரும் பெரும் பாடல்களில் அவன் காணும் தொடக்கங்களும் முடிவுகளும் இப்பதின்மூன்றில் ஏற்கெனவே கைபழகியவற்றின் விரிவாகவே பெரும்பாலும் அமைகின்றன. எளிமை என்பது இங்குப் பொருட்குறைவு அன்று. பொருள் செறிந்து நிற்கும் சிறுமை.

தமிழரின் யாழ் இவ்விரு வரலாறுகளுள் எதனைப் போன்றது? பொருநராற்றுப்படை முதலான பாட்டுக்கள் யாழின் பத்தரையும் போர்வையையும் கோட்டையும் திவவையும் கண்முன் நிறுத்துகின்றன. கோட்டிற் கட்டிய திவவைப் பற்றிப் படிப்போர்க்குப் பர்மிய யாழின் நூற்கயிறுகள் நினைவுக்கு வருதல் இயல்பு. பேரியாழுக்கு 21 நரம்பு என்றும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்றும் கணக்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என இசைக்கரணங்கள் எட்டும் பெயர்பெறுகின்றன. வார்தல் சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிய தொழில் என்றும் உரைகாரர் விளக்குவர். பண்டிங் குறித்துவைத்த விரலசைவுப் பெயர்களுக்கு நிகரான செல்வம் இது. ஆனால் பண்டிங் குறித்த மற்றொன்று இங்கில்லை. அரங்கேற்றுகாதை யாழாசிரியனின் தகுதிகளை விரித்துரைக்கும். அவன் தன் மாணவிக்கு முதல்நாளிற் சொல்லிக்கொடுத்த வரி யாது என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

தமிழ் மரபு நினைவில் வைத்திருப்பது இதற்கு நேர்மாறான ஒன்றை. திருஞானசம்பந்தர் தருமபுரத்திற் பாடிய பதிகத்தைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இசைக்க இயலாது, கருவியை முறிக்க ஓங்கினார் என்று புராணம் கூறும். அப்பதிகத்துக்கு 'யாழ்முரி' என்றே பெயர் நிலைத்தது. இதனை மிடற்றிசையின் வெற்றியாகப் போற்றுவது வழக்கம். வேறொரு கோணத்திலும் இது நோக்கப்படலாம். யாழ் தோற்ற பாடல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பெயரோடு பாடப்படுகிறது. யாழ் கற்பித்த பாடல் ஒன்றுகூட எஞ்சவில்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்ற கருவியை, வளைவும் அசைவும் மிகுந்த மிடற்றின் அளவுகோலால் அளந்த ஒரு சமுதாயத்தில் அக்கருவி படிப்படியாக வழக்கொழிந்து, அழுத்தி இழுக்கத்தக்க வீணை அதன் இடத்தைப் பெற்றமை வியப்பன்று. யாழின் பெயரைத் தாங்கிய நகரிலும் அது சின்னமாகவே எஞ்சிற்று.

இந்த இழப்பை ஈழத்தறிஞர் ஒருவரே முதன்முதல் முழுமையாக எதிர்கொண்டார். காரைதீவிற் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவரது கணிப்பின்படி ஆக்கப்பட்ட கருவிகள் அவ்வரங்கில் இசைக்கப்பட்டன. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக விரியும் அந்நூல், கணிதமும் இலக்கியமும் இசையறிவும் ஒருங்கிணைந்த பேருழைப்பு. கருவி எவ்வாறு அமையும், நரம்புகள் எவ்வாறு சுருதிகூடும், பாலைகள் எவ்வாறு திரியும், பண்கள் யாவை என்பவற்றை அது ஆராய்கிறது. ஆயின் இயல்களின் பெயர்களே காட்டுவதுபோல, கற்பவனின் கைக்கென அங்கு ஓர் இயல் வகுக்கப்படவில்லை. ஒருவர் வாழ்நாளிற் செய்யத்தக்கதன் எல்லையை அடிகள் ஏற்கெனவே கடந்திருந்தார் என்பதால் இதனைக் குற்றமாகச் சுட்டுதல் தகாது. அவருக்குப் பின் வந்தோர் யாழ் நூலைப் போற்றியதன்றி, அது விட்ட இடத்திலிருந்து எட்டாவது இயலை எழுத முற்படாமையே சுட்டத்தக்கது. விழாக்களும் நினைவுமலர்களும் மிகுந்தன, முதற்பாடம் எழுதப்படவில்லை.

இன்று அது அவசரத் தேவையாகியுள்ளது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இளங்கைவினைஞர் பழைய விவரணைகளை ஆராய்ந்து யாழை மீண்டும் செய்கின்றனர்; இளைஞரும் ஆர்வத்தோடு அதனைத் தொடுகின்றனர். அவர்கள் முதலில் எதனை வாசிப்பது? கைக்கு எட்டும் விடை கர்நாடக இசையின் சரளி வரிசையும் கீதமுமாம். அம்முறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. முதற்பாடங்கள் ஓர் இசையுலகை எத்துணை உறுதியாகக் கட்டிக்காக்கும் என்பதற்கு அதனைவிடச் சிறந்த சான்று தென்னாட்டில் இல்லை. எனினும் அவை மிடற்றுக்கு உரியவை. வீணையும் வயலினும் குழலும் அவற்றை ஏற்றது மிடற்றைப் பின்பற்றும் ஆற்றல் அவற்றுக்கு இருந்தமையாலாம். அவற்றை யாழிலே பெயர்த்துவைத்தால், யாழ் கமகமற்ற வீணையாகக் குறைவுபட்டு ஒலிக்கும். யாழ்முரியின் கதை மாணவனின் முதல் நாளிலேயே மீண்டும் நிகழும். குரலைப் பின்பற்றலே தமிழிசையில் கருவியின் கடன் என வாதிடுவோர் உளர். குரலோடு இசைதல் வேறு, குரலைப் படியெடுத்தல் வேறு என்பதைப் பர்மிய யாழ் காட்டுகிறது.

மேனாட்டுப் பயிற்சி நூல்களை அப்படியே கடன்பெறுதலும் உதவாது. அவை இரு கைகளும் இணைந்து சுரக்கட்டுக்களைப் பிடிக்கும் வேறோர் இசைக்கு உரியவை. எனவே மெட்டுக்கள் வேறிடத்தில் தேடப்படவேண்டும். அடிகள் பிறந்த கிழக்கிலங்கையின் வசந்தன் பாடல்களும், ஊஞ்சற் பாட்டுக்களும், கும்மிகளும் குறுகிய சுர எல்லைக்குள் நின்று, அடிதோறும் திரும்பி வரும் மெட்டுக்களை உடையவை. அவற்றின் சுரங்கள் பெரும்பாலும் நேராக ஒலிப்பவை. கோலடிக்கும் கைதட்டலுக்கும் அமைந்தவையாதலின் அவற்றின் தாளம் மீட்டும் விரலுக்கு ஏற்றது. செங்கோட்டியாழின் ஏழு நரம்புகளுள் அவற்றுட் பல அடங்கக்கூடும். வசந்தன் பாடல் ஒன்றை எடுத்து, வார்தலுக்கு உரிய சுரம் எது, வடித்தலுக்கு உரிய இடம் எது, பாடுவோன் மூச்செடுக்கும் இடைவெளியில் எந்த நரம்பு ஒலித்துநிற்கலாம், எதனை உள்ளங்கை அடக்கவேண்டும் என அடியடியாக எழுதிப் பார்த்தல் ஒரு பல்கலைக்கழக இசைத்துறைக்கோ தமிழ்ச் சங்கத்துக்கோ ஓராண்டில் இயலக்கூடிய பணி. யாழ் ஒன்றும், பாடத்தெரிந்த அண்ணாவியார் ஒருவரும், பாடம் கேட்க ஒரு சிறுமியும் போதும்.